பெயர் இழந்து கடல் கடந்த பாடல்

இயலும் இசையும் கூடிப் பிறப்பது பாடல். தாய்மொழியில் அதனைக் கேட்பவர் சொல்லையும் பண்ணையும் பிரித்துக் கேட்பதில்லை. ஆயின், அப்பாடல் கடல் கடந்து வேற்றுமொழி பேசும் நாட்டின் வானொலியில் ஒலிக்கும்போது, இயல் கரையிலேயே நின்றுவிட, இசை மட்டும் கலம் ஏறிச் செல்கிறது. அவ்வாறு சென்ற பாடல் பெறும் வெற்றி யாருடைய வெற்றி? பாடியவனுடையதா? பண் அமைத்தவனுடையதா? சொல்லே சென்று சேராத இடத்தில் கவிஞனுக்கு என்ன பங்கு உண்டு? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு, 1963ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பலவற்றிலும் ஓயாது ஒலித்த ஜப்பானியப் பாடல் ஒன்றின் வரலாறு நல்லதொரு சான்றாக அமைகிறது.

அப்பாடலின் பெயர் ‘உவே ஒ முயிதே அருகோ’ என்பதாகும். ‘அண்ணாந்து பார்த்தபடி நடப்போம்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். எனினும், உலகின் பெரும்பகுதி அப்பாடலை அப்பெயரால் அறியவில்லை. ‘சுகியாகி’ என்ற பெயராலேயே அறிந்தது. சுகியாகி என்பது மாட்டிறைச்சியையும் காய்கறிகளையும் சேர்த்துச் சமைக்கும் ஜப்பானிய உணவு. பாடலுக்கும் அவ்வுணவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கண்ணீரைப் பற்றிய ஒரு கவிதை, உணவுப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு உலகை வலம்வர நேர்ந்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பாடல் பிறந்த சூழல்

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், 1952ஆம் ஆண்டு வரை அயல்நாட்டுப் படைகளின் ஆட்சிப் பிடியில் இருந்தது. அதன்பின்னும் அமெரிக்கப் படைத்தளங்கள் அந்நாட்டில் நீடித்தன. இவற்றுக்கு வழிவகுத்த பாதுகாப்பு உடன்படிக்கையைத் திருத்தித் தொடர 1960ஆம் ஆண்டில் கிஷி அமைச்சரவை முற்பட்டபோது, மாணவரும் தொழிலாளரும் எழுத்தாளரும் இலட்சக்கணக்கில் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு சூன் 15ஆம் நாள் நாடாளுமன்ற வளாகத்தில் நிகழ்ந்த மோதலில் தோக்கியோ பல்கலைக்கழக மாணவி மிச்சிகோ கன்பா உயிரிழந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரின் வருகை கைவிடப்பட்டது. கிஷி பதவி விலகினார். ஆயினும் உடன்படிக்கை நிறைவேறிவிட்டது. போராடியவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினர்.

அவ்வாறு திரும்பியவர்களுள் ஒருவர் ரோகுசுகே ஏயி. 1933இல் தோக்கியோவின் அசகுசா பகுதியில் பௌத்தக் கோயில் சார்ந்த குடும்பத்தில் பிறந்த அவர், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதிவந்த இளங்கவிஞர். போராட்டம் பயனற்றுப் போன துயரமே இப்பாடலுக்கு வித்தாயிற்று என்பர். ஆனால் பாடலுக்குள் உடன்படிக்கை இல்லை, அரசு இல்லை, போராட்டமும் இல்லை. கண்ணீர் கீழே சிந்திவிடக் கூடாதே என்று முகத்தை மேலே நிமிர்த்திக்கொண்டு, இரவில் தனியே நடந்துபோகும் ஒருவன் மட்டுமே இருக்கிறான். அவனுக்கு நேர்ந்த துன்பம் இன்னதென்று கவிஞர் கூறவில்லை. இன்னதென்று கூறாமையே அப்பாடலின் வலிமை ஆயிற்று. காதலை இழந்தவன் அதில் தன்னைக் கண்டான். ஊரைப் பிரிந்து நகரத்துக்கு வேலைதேடி வந்தவனும் தன்னைக் கண்டான்.

ஆறும் எட்டும் ஒன்பதும்

கவிஞருக்குத் துணையாக அமைந்தவர் இருவர். பண் அமைத்தவர் ஹாச்சிடாய் நகமுரா. 1931இல் சீனத்தின் சிங்தாவ் நகரில் பிறந்து, ஜாஸ் இசையில் பியானோக் கலைஞராகப் பெயர் பெற்றவர். பாடியவர் கியூ சகமோட்டோ. 1941 திசம்பர் 10ஆம் நாள் கவாசாகி நகரில் ஒன்பதாவது குழந்தையாகப் பிறந்தவர். ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கி இரண்டொரு நாளே கழிந்திருந்த வேளை அது. மூவர் பெயரிலும் ஆறு, எட்டு, ஒன்பது என்னும் எண்கள் முறையே அமைந்திருந்தமையால் மக்கள் அவர்களை ‘ஆறு – எட்டு – ஒன்பது’ என்றே சேர்த்து அழைத்தனர்.

1961ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நகமுராவின் இசையரங்கு ஒன்றில் இப்பாடல் முதன்முதலாகப் பாடப்பட்டது. பின்னர் ஏயி எழுதிவந்த ‘கனவில் சந்திப்போம்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழியாக நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் தோஷிபா நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது.

கவிஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. சகமோட்டோ பாடிய முறை ஏயிக்கு முதலில் பிடிக்கவில்லை. அமெரிக்க ராக்கபில்லி இசையைப் பாடிப் பழகிய அவ்விளைஞர், சொற்களின் உயிரெழுத்துகளை இழுத்தும் உடைத்தும் மூச்சுக் கலந்தும் பாடினார். தாம் எழுதிய சொல் சிதைகிறதே என்று கவிஞர் சினந்தார். தமிழ் யாப்பறிந்தோர் இதனை அளபெடை என்று எளிதில் உணர்ந்துகொள்வர். இசை நிறைய வேண்டிச் சொல் நீள்வது நமக்குப் புதிதன்று. ஆனால் ஜப்பானியக் கவிஞருக்கு அது தம் கவிதையின்மேல் அயல்நாட்டு இசை செலுத்திய ஆதிக்கமாகத் தோன்றியிருக்கலாம். அந்த அளபெடையும், பாடலின் இடையே வரும் சீழ்க்கையுமே பிற்காலத்தில் மொழியறியாத கோடிக்கணக்கானோரை ஈர்க்கப்போகின்றன என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

பெயர் மாறிய வரலாறு

1962ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பை இசைத்தட்டு நிறுவனத் தலைவர் லூயி பெஞ்சமின் வணிக நிமித்தமாக ஜப்பான் சென்றார். அங்குக் கேட்ட இப்பாடல் அவரைக் கவர்ந்தது. இசைத்தட்டை ஊருக்கு எடுத்து வந்த அவர், தம் நிறுவனத்துக் கலைஞரான கென்னி பால் குழுவினரைக் கொண்டு, சொல்லின்றி, கருவியிசையாக அதனைப் பதிவு செய்தார். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ஆங்கிலேய அறிவிப்பாளர்களின் நாவில் பாடலின் பெயர் புரளாது. அறிவிப்பாளர் சொல்லத் தயங்கும் பெயரை நேயர் கடையில் கேட்டு வாங்குவது எங்ஙனம்? எனவே, ஆங்கிலேயர் முன்பே அறிந்திருந்த ஜப்பானியச் சொல் ஒன்றைத் தேடினர். உணவின் பெயர் கிடைத்தது. கென்னி பால் குழுவினரின் இசைத்தட்டு 1963இன் தொடக்கத்தில் பிரித்தானியத் தரவரிசையில் பத்தாம் இடம் வரை சென்றது.

இச்செயலை எள்ளி நகையாடிய அமெரிக்க வார இதழ் ஒன்று, ‘மூன் ரிவர்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடலை மாட்டிறைச்சிக் குழம்பு என்று பெயரிட்டு ஜப்பானில் விற்பதற்கு இதனை ஒப்பிட்டது. நகைப்புக்கு உரியதே எனினும், வணிகக் கணக்கு பிழைபடவில்லை. வேற்றுநாட்டு வானொலியில் ஒரு பாடல் ஒலிக்க வேண்டுமாயின், அறிவிப்பாளரின் நாவே அது கடக்க வேண்டிய முதல் வாயில் என்பதை வணிகர் உணர்ந்திருந்தனர்.

அமெரிக்க வானொலியின் வாயில்கள்

அமெரிக்க வானொலியில் ஒரு பாடல் இடம்பெறுவது அக்காலத்தில் எளிதன்று. 1950களில் தொலைக்காட்சி பரவியதும், நாடகங்களையும் பல்சுவை நிகழ்ச்சிகளையும் அதனிடம் இழந்த வானொலி நிலையங்கள் இசைத்தட்டுகளைச் சார்ந்து வாழத் தொடங்கின. ஓமகா நகரின் டாட் ஸ்டோர்ஸ் முதலியோர் வகுத்த முறைப்படி, மக்கள் விரும்பும் சில பாடல்களை மட்டும் பட்டியலிட்டு, அவற்றையே மீண்டும் மீண்டும் ஒலிபரப்பும் வழக்கம் வேரூன்றியது. அப்பட்டியலுக்குள் நுழையாத பாடல் பிறந்தும் பிறவாதது போன்றதே.

பட்டியலுக்குள் நுழையப் பணமும் வழியாயிற்று. இசைத்தட்டு நிறுவனங்கள் அறிவிப்பாளர்களுக்கு மறைவாகக் கையூட்டு வழங்கியமை 1959, 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. ராக் இசையைப் பரப்பிய ஆலன் பிரீடு போன்ற புகழ்மிக்க அறிவிப்பாளர்கள் அதனால் வீழ்ந்தனர். நேயருக்கு அறிவிக்காமல் பணம் பெற்று ஒலிபரப்புவது 1960இல் சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. அதன் விளைவாகப் பெருநகர நிலையங்களில் பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அறிவிப்பாளரிடமிருந்து நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கைக்கு மாறலாயிற்று. பொறுப்பாளரோ வேறிடங்களில் வென்று வந்த பாடலையே நாடினார். சிற்றூர் நிலையங்களில் மட்டும் அறிவிப்பாளர் தம் விருப்பப்படி ஓர் இசைத்தட்டைச் சுழலவிடும் உரிமை ஓரளவு எஞ்சியிருந்தது. வேற்றுமொழிப் பாடலுக்கு அந்தச் சிறுவாயிலே பெருவாயில் ஆயிற்று.

பாஸ்கோ நகரம்

அமெரிக்காவின் வடமேற்கில் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் அமைந்த சிறுநகரம் பாஸ்கோ. அங்கிருந்த கே.ஓ.ஆர்.டி. வானொலி நிலையத்தின் அறிவிப்பாளர் ரிச்சர்ட் ஆஸ்போர்ன், சகமோட்டோவின் ஜப்பானிய மூலப் பாடலை 1963இல் ஒலிபரப்பினார். அமெரிக்காவில் அதனை முதலில் ஒலிபரப்பியவர் என்ற பெருமை அவருக்கே அளிக்கப்படுகிறது. பாடலின் ஒரு சொல்லும் விளங்காத நேயர்கள் அதனை மறுபடியும் ஒலிபரப்புமாறு நிலையத்தை வேண்டினர். நேயர் விருப்பம் மிகுந்தது. செய்தி பிற நிலையங்களுக்கும் பரவியது. தோஷிபாவோடு வணிக உறவு கொண்டிருந்த இ.எம்.ஐ. குழுமத்தைச் சேர்ந்த கேப்பிட்டல் நிறுவனம் உடனே விழித்துக்கொண்டு பாடலை அமெரிக்காவில் வெளியிட்டது. பிரித்தானியர் சூட்டிய உணவுப் பெயரே இங்கும் நிலைத்தது.

இவ்விடத்தின் வரலாறு நின்று நோக்கத்தக்கது. பாஸ்கோவுக்கு அண்மையில், அதே கொலம்பியா ஆற்றின் கரையில் அமைந்தது ஹான்போர்டு அணு உலை வளாகம். 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகி நகரை அழித்த குண்டின் புளுட்டோனியம் அவ்வளாகத்தில்தான் உருவாயிற்று. பாஸ்கோவும் அதனை அடுத்த ரிச்லாந்து, கென்னவிக் நகரங்களும் அவ்வளாகத்தின் வேலையால் வளர்ந்தவை. போர்க்காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினரை வீடுகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்துவைத்த நிகழ்ச்சியும் மக்கள் நினைவிலிருந்து மறையாத காலம் அது. போர் முடிந்து பதினெட்டே ஆண்டுகள் சென்றிருந்த நிலையில், அந்த மண்ணின் நேயர்கள் ஒரு ஜப்பானிய இளைஞனின் குரலை மீண்டும் கேட்க விரும்பினர். அவர்கள் அதனை மன்னிப்பாகவோ மனமாற்றமாகவோ எண்ணிச் செய்திருப்பர் எனக் கொள்வதற்கில்லை. பாட்டு நன்றாக இருந்தது, கேட்டனர். அவ்வளவே. ஆயினும் உடன்படிக்கைகளும் தலைவர்களின் பயணங்களும் திறவாத ஒரு கதவை, அச்சிறு நிலையத்தின் இசைத்தட்டு திறந்தது என்பதை மறுத்தல் இயலாது.

முதலிடம்

1963 மே 11ஆம் நாளிட்ட ‘பில்போர்டு’ இதழின் நூறு பாடல் வரிசையில் ‘சுகியாகி’ 79ஆம் இடத்தில் நுழைந்தது. இவ்வரிசை, கடைகளில் இசைத்தட்டு விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணிக்கப்பட்டது. ஆகவே வானொலியும் கடையும் ஒன்றையொன்று உந்தின. ஐந்தே வாரங்களில், சூன் 15ஆம் நாளிட்ட இதழில் அப்பாடல் முதலிடம் பெற்று, மூன்று வாரங்கள் அங்கே நிலைத்தது. பிரித்தானியாவிலும் சகமோட்டோவின் மூலப் பாடல் ஆறாம் இடம் வரை சென்றது. அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்றமைக்காக 1964 மே திங்களில் சகமோட்டோவுக்குத் தங்கத்தட்டு வழங்கப்பட்டது.

சூன் 15 என்னும் நாள் கருதத்தக்கது. மாணவி மிச்சிகோ கன்பா உயிரிழந்த நாளிலிருந்து சரியாக மூன்று ஆண்டுகள். எந்நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையை எதிர்த்துத் தோற்ற துயரில் அக்கவிதை பிறந்ததோ, அந்நாட்டிலேயே அது முதலிடம் பெற்றது. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையே. ஆனால் அமெரிக்க நேயருள் அதனை அறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? கவிஞரின் துயரத்தைத் தெரியாமலே அவர்கள் அவர் பாடலைக் கொண்டாடினர்.

வாயில் திறந்தது எவருக்கு?

சகமோட்டோவுக்குத் திறந்த வாயில் ஜப்பானியப் பாடகர் அனைவருக்கும் திறந்துவிடவில்லை. அவருடைய அடுத்த அமெரிக்க வெளியீடான ‘சீன இரவுகள்’ 58ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஜப்பானியக் கலைஞர் வேறெவரும் அவ்வரிசையின் முதல் நாற்பதுக்குள் வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1979இல் 37ஆம் இடம் பெற்ற ‘பிங்க் லேடி’ இணையர் ஆங்கிலத்தில் பாடியே அதனைப் பெற்றனர். தாய்மொழியை விட்டுக்கொடுத்தால்தான் நுழைவு என்னும் நிலை நிலைபெற்றுவிட்டது எனலாம்.

அதே 1963இல் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் தொடக்கக் காலப் பாடல்களை அமெரிக்காவில் வெளியிடக் கேப்பிட்டல் நிறுவனம் பலமுறை மறுத்திருந்தது. தலைநகர் வாஷிங்டனில் ஓர் இளம் நேயரின் கடிதத்தைக் கண்ட அறிவிப்பாளர் கேரல் ஜேம்ஸ், விமானப் பணிப்பெண் ஒருவர் வழியாக இலண்டனிலிருந்து இசைத்தட்டை வரவழைத்து, திசம்பர் 17ஆம் நாள் ஒலிபரப்பினார். நேயர் ஆர்வத்தைக் கண்ட நிறுவனம், சனவரியில் வரவிருந்த வெளியீட்டைத் திசம்பர் 26ஆம் நாளுக்கு முற்படுத்தியது. 1964 பிப்ரவரி முதல் நாளிட்ட வரிசையில் அப்பாடல் முதலிடம் பெற்றது. இரு நிகழ்ச்சிகளிலும் முறை ஒன்றே. நிறுவனம் தயங்குகிறது, தனியோர் அறிவிப்பாளர் துணிகிறார், நேயர் வேண்டுகிறார், பின்பே வணிகம் ஓடிவருகிறது. ஆனால் ஆங்கிலம் பேசியவர்களுக்கு வாயில் அகலத் திறந்தது. ஜப்பானியம் பேசியவருக்கு ஒருமுறை திறந்து மூடிக்கொண்டது.

மூடிய கதவு மறுபடி திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 2020ஆம் ஆண்டில் கொரிய நாட்டு பி.டி.எஸ். குழுவினர் முதலில் ஆங்கிலப் பாடலாலும், பின்னர் பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த பாடலாலும் அவ்வரிசையில் முதலிடம் பெற்றனர். கொரிய மொழிப் பாடலின் வெற்றியில் அமெரிக்க வானொலியின் பங்கு மிகச் சிறிது. நேயர்கள் தாமே வாங்கியும் கேட்டும் அதனை உயர்த்தினர். ஆஸ்போர்ன் போன்றோர் காத்திருந்த வாயில் அதற்குள் தன் பழைய வலிமையை இழந்துவிட்டது.

சொல் மீண்ட இடம்

1981இல் ‘எ டேஸ்ட் ஆப் ஹனி’ குழுவினர் இப்பாடலின் பண்ணுக்கு ஆங்கிலச் சொற்களை அமைத்துப் பாடினர். அமெரிக்காவில் அது மூன்றாம் இடம் வரை சென்றது. அதில் பாடல் முற்றிலும் காதற்பிரிவுப் பாடலாகிவிட்டது. பெயரை முன்பே இழந்திருந்த கவிதை, இப்போது தன் சொற்களையும் இழந்தது.

ஆயினும் பிறந்த மண்ணில் அச்சொற்கள் அழியவில்லை. 1985 ஆகஸ்டு 12ஆம் நாள் தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் குன்மா மாநிலத்து மலையில் விழுந்து நொறுங்கியது. இறந்த 520 பேரில் சகமோட்டோவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 43. கண்ணீர் சிந்தாதிருக்க மேலே பார்த்து நடப்போம் என்று பாடியவரையே எண்ணி நாடு கண்ணீர் சிந்தியது. 2011 மார்ச்சுத் திங்களில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்கு ஜப்பானைச் சிதைத்தபோது, கலைஞர் பலர் ஆளுக்கு ஓர் அடியாக இப்பாடலைப் பாடித் தொலைக்காட்சியில் தோன்றினர். வீடிழந்தோர்க்கு அப்போது தேவைப்பட்டது பண் மட்டுமன்று, சொல்லுமே. நகமுரா 1992இலும் ஏயி 2016இலும் மறைந்தனர். தம் சொல் இவ்வாறு மக்களிடம் மீண்டதைக் காணும் பேறு மூவருள் கவிஞர் ஒருவருக்கே வாய்த்தது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். அமெரிக்காவில் வென்றது பண்ணும் குரலும்; அங்கே கவிஞர் பெற்ற வெற்றி பெயரளவிலும் இல்லை. ஆனால் அக்குரல் ஏன் நடுங்கியது, அப்பண் ஏன் துயரத்தை மகிழ்ச்சி போல் நடக்கவிட்டது என்று கேட்டால், விடை கவிஞரின் சொல்லிலேயே இருக்கிறது. அழுகையை அடக்கிக்கொண்டு நடப்பவனைச் சொல் படைத்தது. இசை அவனுக்கு நடை கொடுத்தது. பாஸ்கோ நகரத்து நேயர் கேட்டது அந்த நடையையே. சொல்லைக் கேளாமலே அவர்கள் சொல்லின் பயனைப் பெற்றனர்.

வேற்றுநாட்டில் தம் பாடல் ஒலிக்க வேண்டும் என்று விழையும் கவிஞர், அங்கே எதை விட்டுக்கொடுக்க நேரும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயர் போகலாம், சொல் போகலாம், பாடல் பிறந்த காரணமும் போகலாம். இவையனைத்தும் போன பின்னும் எஞ்சி நிற்க ஏதேனும் வேண்டுமெனில், சொல்லை எழுதும்போதே அதற்குள் ஒரு மனிதன் உண்மையாக நடந்திருக்க வேண்டும். 1960ஆம் ஆண்டில் போராட்டம் தோற்று வீடு திரும்பிய அக்கவிஞர் அவ்வாறு நடந்தார்.